தொந்தி பிரியமாட்டேன் என்ற கதை

பாசிக்குளத்தில் ஓர் அமீபா இரண்டாகப் பிரிந்தது. பிரியும்போது கொஞ்சம் கோணிவிட்டது! ஒரு துண்டு பெரிசு, ஒரு துண்டு சின்னது. பெரிசுக்குத் தொந்தி என்று பேர். சின்னதுக்குப் பொட்டு.

"நான்தான்டி அக்கா!" என்றாள் தொந்தி.

"ஒரே நேரத்துலதானே பிறந்தோம்?"

"பெரிசா இருக்கேனே, அதான்!"

அமீபாக்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த அளவில் பிறந்தாலும் சரி, அதற்கு மேல் ஒரே ஒரு பங்கு சதை போடலாம். போட்டதும் இரண்டாகப் பிரிந்துவிட வேண்டும். பெரிசுக்கும் சின்னதுக்கும் அதே பங்குதான்.

இருவரும் தின்றார்கள். பங்கு நிறைந்தது.

"வா அக்கா, பிரியலாம்!" என்றாள் பொட்டு.

"பிரிஞ்சா பாதியாயிடுவேனே! போடி, மாட்டேன்!"

பொட்டு 'பிளுக்' என்று பிரிந்தாள். இரண்டு பொட்டுகள்! அவர்களும் தின்று பிரிந்தார்கள். சின்ன உடம்புக்கு அந்தப் பங்கு பெரிசு; அதனால் ஒவ்வொரு தடவையும் பொட்டுகள் முன்னைவிடக் கொஞ்சம் பெரிசாகவே பிறந்தார்கள். குளத்தில் ஒரே கும்மாளம்!

தொந்தியோ தின்றாள், தின்றாள், தின்றுகொண்டே இருந்தாள். உருண்டு திரண்டு போனாள். அமீபாவுக்குச் சோறும் மூச்சும் தோல் வழியாகத்தான். உடம்பு ஊதிய அளவுக்குத் தோல் பெருகுமா? நடுவயிறு கத்த ஆரம்பித்தது.

"அடி பாவி! மேலே விருந்து, இங்கே பட்டினி!"

தொந்திக்குத் தலை சுற்றியது. நகரவும் முடியவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு தலைப்பிரட்டை வந்து சேர்ந்தது. சின்ன அமீபாக்கள் அதன் கண்ணுக்கே தெரிந்ததில்லை.

"அடேங்கப்பா! எவ்வளவு பெரிய கொழுக்கட்டை!" என்று வாயைத் திறந்தது.

"அக்கா, பிரி! சீக்கிரம் பிரி!" என்று பொட்டுகள் அலறினார்கள்.

"பாதியாயிடுவேனே!" என்று தொந்தி அழுதாள்.

"முழுசா அது வயித்துக்குள்ள போறதுக்கு, பாதியா வெளியில இருக்கலாம்!"

அந்தப் பேச்சு தொந்திக்குச் சுருக்கென்று உறைத்தது. முக்கினாள், நெளிந்தாள். பொட்டுகள் பாதிப் பேர் இந்தப் பக்கம் இழுத்தார்கள், பாதிப் பேர் அந்தப் பக்கம் இழுத்தார்கள். 'பிளுக்!' தலைப்பிரட்டை பாய்ந்தது, நடுவில் இருந்த இடைவெளியைக் கவ்வியது. வாய் நிறையத் தண்ணீர்! தொந்தி நிற்கவில்லை. பயத்தில் நாலானாள், எட்டானாள், பொடிப்பொடியாகிப் பாசிக்குள் ஒளிந்தாள்.

"இப்போ இங்கேதானே இருந்தது!" என்று தலைப்பிரட்டை வாலைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றித் தேடியது.

அது போனபின் எல்லாரும் வெளியே வந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தொந்திகள் யார், பொட்டுகள் யார்? எல்லாம் ஒரே அளவு!

"அப்போ இதுல அக்கா யாரு?" என்று ஒரு குரல் கேட்டது.

"நான்தான்!" என்று அத்தனை பேரும் கத்தினார்கள். குளமே குலுங்கியது.

தன் பங்கு நிறைந்ததும் போதும் என்று நிறுத்தாதவருக்கு, அவர் சேர்த்ததே ஆபத்தாக வந்து நிற்கும்.