ஃபுல்சம்

ஏலகிரி மலையில் ஓர் ஆசிரமம். குரு மங்கையர்க்கரசி அம்மாவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடர் தணிகாசலம் தபால் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர்.

பௌர்ணமி பூஜைக்கு லண்டனிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். அவருக்குப் புரியட்டுமே என்று, குருவின் பெருமைகளைத் தணிகாசலம் ஆங்கிலத்தில் பேசினார். கருணைக் கடல் என்றார். ஞான சூரியன் என்றார். இமயமலையையும் விட்டுவைக்கவில்லை. நடுவில் ஒருவர் எழுந்து விளக்குக்கு எண்ணெய் ஊற்றிவிட்டு வந்தார்.

விடைபெறும்போது பேராசிரியர் தணிகாசலத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கள் பேச்சு ஃபுல்சம்" என்றார்.

தணிகாசலத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. எதிரில் வந்தவர்களிடமெல்லாம் அந்த வார்த்தையைச் சொன்னார். கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கும் அமலோற்பவம் மட்டும் லேசாக இருமினாள்.

"குமட்டுற அளவுக்குப் புகழுறதுன்னும் அதுக்கு அர்த்தம் உண்டு சார்."

அவர் அகராதியைப் புரட்டினார். நிறைவானது என்று போட்டிருந்தது. பழைய வழக்கில் கொழுத்தது. அப்புறம், குமட்டும்படி மிகையானது. எல்லாம் அந்த ஒரே வார்த்தைக்கு.

அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் குருவிடம் போய் நின்றார்.

"அம்மா, அந்த மனுஷன் எந்த அர்த்தத்துல சொன்னார்? அது தெரியாம அடுத்த பௌர்ணமிக்கு நான் எப்படி வாயைத் திறப்பேன்?"

குரு சமையலறையிலிருந்து பாயசம் வரவழைத்தார். ஒரு டம்ளர் கொடுத்தார்.

"எப்படி இருக்கு?"

"நிறைவா இருக்கும்மா."

இன்னொரு டம்ளர் வந்தது. குரு கொடுத்ததை மறுக்க முடியுமா?

"இப்போ?"

"நெய் கொஞ்சம் தூக்கலோ?"

மூன்றாவதைப் பாதி குடித்தவர், வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோது குருவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"புரியுதும்மா" என்றார் தணிகாசலம். "பாவம் அந்த மனுஷன், கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தார். நீங்களும்தான் உட்கார்ந்திருந்தீங்க. உங்களுக்கும் குமட்டியிருக்கும். மன்னிக்கணும்."

குருவின் சிரிப்பு நின்றது.

"எனக்கா? குமட்டவே இல்ல. நீங்க பேசி முடிச்சதும், அதுக்குள்ள முடிஞ்சிருச்சான்னு இருந்துச்சு ஐயா. அடுத்த பௌர்ணமிக்கு, தயவுசெஞ்சு, நீங்க பேசாதீங்க."