போயாச்சு, வாங்க

“பயம் போறதுக்கு என்ன வழி, மேடம்?” என்று சிஷ்யர் கேட்டார்.

சிஷ்யருக்கு ஐம்பத்திரண்டு வயது. குருவுக்கு முப்பத்துமூன்று. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. கோயம்புத்தூரில் அந்த நெட்வொர்க் கம்பெனியில் அப்படித்தான் அமைந்தது.

சிஷ்யர் சவரிமுத்து ஒரு காலத்தில் பெட்டிகளின் ராஜா. ரௌட்டர் ஒரு பெட்டி, ஃபயர்வால் ஒரு பெட்டி, வைஃபையை மேய்க்க இன்னொரு பெட்டி. எது மக்கர் பண்ணினாலும் நேரில் போய் நிற்பார், கேபிளைச் செருகுவார், முறைப்பார், சரியாகிவிடும். பிறகு காலம் மாறிற்று. அந்தப் பெட்டிகளெல்லாம் வெறும் மென்பொருளாகி, ஒரே சர்வருக்குள் ஒண்டுக்குடித்தனம் வந்துவிட்டன. கையால் தொட்டுப் பார்க்க எதுவுமில்லை. அதைக் கற்றுக்கொள்ளத்தான் குரு மெஹருன்னிசாவின் டீமுக்கு அவரை மாற்றினார்கள்.

வந்த அன்றைக்கே எல்லோர் முன்னாலும் “குருவே!” என்று பெரிய கும்பிடாகப் போட்டார். கிண்டலுக்குத்தான். கொஞ்ச நாளில் கிண்டல் போய்விட்டது, கும்பிடு மட்டும் தங்கிவிட்டது.

“எப்போ இருந்து பயம்?” என்று மெஹருன்னிசா கேட்டார்.

“தாராபுரத்துல இருந்து.”

தாராபுரம் கதை ஆபீஸ் முழுக்கத் தெரியும். ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் ஓர் ஆஸ்பத்திரிக்கு இவர்கள்தான் நெட்வொர்க் பார்க்கிறார்கள். போன வருஷம் தாராபுரம் கிளையின் சர்வரில் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. சவரிமுத்து கோவையில் உட்கார்ந்தபடியே உள்ளே நுழைந்தார். முதல் வேலையாக, உள்ளே ஓடிக்கொண்டிருந்த ரௌட்டரை நிறுத்தினார். திரை அப்படியே உறைந்துபோயிற்று.

அவர் உள்ளே போனதே அந்த ரௌட்டர் வழியாகத்தான்!

பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று பழகிய மனிதர். தான் எந்த வழியாக உள்ளே வந்து நிற்கிறோம் என்று யோசிக்கும் பழக்கமே அவருக்கு இருந்ததில்லை. ஏணியில் நின்றுகொண்டே ஏணியை உருவிவிட்டார். காரை எடுத்துக்கொண்டு அவர் தாராபுரம் போய்ச் சேரும்வரை ஆஸ்பத்திரி ஊமையாகக் கிடந்தது. ஸ்கேன் படம் கோவை டாக்டருக்குப் போகவில்லை. ஒரு தகப்பன் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு, “ரிசல்ட் வந்துருச்சுங்களா? வந்துருச்சுங்களா?” என்று ஒவ்வொரு ஜன்னலாகக் கேட்டுக்கொண்டிருந்ததைச் சவரிமுத்து கண்ணால் பார்த்தார். நல்லவேளை, பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தக் குரல் மட்டும் அவரை விடவில்லை.

அதிலிருந்து எண்டர் பட்டனுக்கு மேலே விரலைக் கொண்டுபோனாலே நடுக்கம்.

“இன்னொரு தடவை அப்படி ஆச்சுன்னா, மச்சான் டயர் கடையில போய் உட்கார்ந்துருவேன் மேடம். வீட்டுலயும் சொல்லிட்டேன். இந்தத் தொழிலே வேண்டாம்.”

மெஹருன்னிசா லேப்டாப்பில் கிளைகளின் பட்டியலைத் திறந்தார். பிறகு, “சத்தியமங்கலம் கிளையைப் புதுப்பிக்கணும்” என்றார். “பழைய பதிப்புக்கு இந்த வருஷத்தோட சப்போர்ட் நிக்குது. அப்புறம் என்ன கோளாறு வந்தாலும் சாஃப்ட்வேர் கம்பெனிக்காரன் எட்டிப் பார்க்க மாட்டான். இருக்கறதுலயே சின்னக் கிளை அதுதான். அதுல ஆரம்பிச்சு, ஒவ்வொண்ணா எல்லாக் கிளைக்கும் போடணும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஓ.பி. இருக்காது. நீங்க பண்ணுங்க.”

“நானா?”

“நீங்கதான். நான் பக்கத்துல இருப்பேன். கீபோர்டைத் தொட மாட்டேன்.”

“பயத்துக்கு வழி கேட்டா, பயத்தையே தூக்கிக் கையில குடுக்கறீங்களே!”

குருவுக்கு போன் வந்தது. எழுந்து போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சவரிமுத்து பூசை முடித்து நேராக ஆபீஸ் வந்தார். காலை முழுக்க ஏற்பாடுகள். சர்வரில் ஓடுவதையெல்லாம் ஒரு நகல் எடுத்துவைத்தார். அதன் அமைப்புகளை, அதாவது செட்டிங்ஸை, தனியாக இன்னொரு நகல் எடுத்துவைத்தார். இந்தத் தடவை ரௌட்டர் வழியை அவர் நம்பவில்லை. சர்வருக்குப் பின்னால் சிம் கார்டு போட்ட சின்ன மோடம் ஒன்றை முந்தின வாரமே வைக்கச் சொல்லியிருந்தார். அந்தக் கொல்லைப்புற வாசல் வழியாகவே நுழைந்தார். சூடு கண்ட மனிதரல்லவா!

சத்தியமங்கலத்தில் டூட்டியிலிருந்த துளசிமணி சிஸ்டர் ஸ்பீக்கர் போனில் இருந்தார்.

“ஏனுங்க சார், கம்ப்யூட்டர் இல்லாம எவ்வளவு நேரமுங்க?”

“சாயங்காலம் வரைக்கும் எடுத்துக்கலாம்னு உங்க பெரிய டாக்டர் சொல்லிட்டார் சிஸ்டர். அதுக்கு முன்னாடியே முடிச்சுருவோம்.”

“நடுவுல அவசரமா ஏதாச்சும் வந்தா?”

“ஒரு வார்த்தை சொல்லுங்க. உடனே பழையபடி ஆக்கிக் குடுத்துருவோம்.”

பக்கத்து நாற்காலியிலிருந்த குரு தலையைத் திருப்பி அவரை ஒரு பார்வை பார்த்தார்.

சவரிமுத்து விரலை எண்டருக்கு மேலே கொண்டுபோனார். சிலுவை போட்டுக்கொண்டார். அழுத்தினார்.

“எல்லாம் போயிருச்சுங்க சார்” என்றார் சிஸ்டர்.

“போகட்டும் சிஸ்டர். போகணும்.”

சர்வர் அணைந்தது. காத்திருந்தார்கள். திரையில் ஒரு வரி வந்தது, நின்றது. இன்னொரு வரி வந்தது. அப்புறம் ஒன்றுமே வரவில்லை. சவரிமுத்து குருவைப் பார்த்தார். குரு கல் மாதிரி உட்கார்ந்திருந்தார், இரண்டு கையும் மடியில்.

பிறகு மளமளவென்று வரிகள் ஓடின. ரௌட்டர் எழுந்தது. ஃபயர்வால் எழுந்தது. வைஃபை எழுந்தது.

“வந்துருச்சுங்க சார்!” என்று சிஸ்டர் கத்தினார். “நேத்தைய ஸ்கேன் ஒண்ணை அனுப்பிப் பார்த்தேனுங்க, கோயம்புத்தூருக்குப் போகுதுங்க!”

சவரிமுத்துவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். “யேசுவே!” என்றார். கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு சிரித்தார். “முடிஞ்சது மேடம். முடிச்சுட்டேன்!”

“ரொம்ப நல்லா இருக்கு” என்றார் குரு. “இப்போ பழையதுக்குத் திருப்புங்க.”

சவரிமுத்துவுக்குக் காது அடைத்த மாதிரி இருந்தது. “எதுக்கு?”

“திருப்புங்க.”

“ஓடிட்டு இருக்கு மேடம். நல்லா ஓடுது. ஓடறதைப் போய் யாராவது…”

“சார், வீட்டை விட்டுக் கிளம்பறப்ப என்ன சொல்லிட்டுக் கிளம்புவீங்க?”

“போயிட்டு வர்றேன்னு சொல்லுவேன்.”

“போயாச்சு. வாங்க.”

“மேடம், விளையாடாதீங்க.”

“நான் விளையாடலீங்க. அவசரம்னா உடனே பழையபடி ஆக்கிக் குடுத்துருவோம்னு சிஸ்டருக்கு வாக்கு குடுத்தீங்கள்ல? ஆகுமா?”

“ஆகும். நகல் எடுத்து வெச்சிருக்கேனே.”

“பார்த்திருக்கீங்களா?”

தொழிலுக்கு வந்த நாள்முதல் சவரிமுத்து எத்தனையோ நகல் எடுத்திருக்கிறார். எடுத்ததைத் திரும்பப் போட்டுப் பார்த்தது ஒன்றுகூட இல்லை. யாரும் பார்ப்பதில்லை. எடுத்தாயிற்று என்ற தைரியத்திலேயே எல்லோரும் தூங்குகிறார்கள்.

குரு போன் பக்கம் குனிந்தார். “சிஸ்டர், ஸ்கேனுக்கு யாராவது காத்திருக்காங்களா?”

“இல்லீங்க மேடம். வார்டெல்லாம் அமைதியா இருக்குதுங்க.”

“சார் இன்னொரு தடவை நிறுத்துவார். கொஞ்சம் பொறுத்துக்கோங்க.”

“மறுபடியுமா? இப்பத்தானுங்க வந்துச்சு!”

மனசுக்குள் ஆயிரம் முணுமுணுத்துக்கொண்டு சவரிமுத்து பழைய நகலைத் திரும்ப ஏற்றினார். சர்வர் அணைந்தது. எழுந்தது. பழைய மென்பொருள் கண் விழித்தது.

சத்தியமங்கலம் விழிக்கவில்லை.

“சார், ஒண்ணுமே வரலைங்க.”

“கொஞ்சம் இருங்க சிஸ்டர்.”

இருந்தார்கள். வரவில்லை. அதே நேரத்தில் போனுக்குள் சைரன் சத்தம் கேட்டது. சிஸ்டரின் குரல் மாறிற்று.

“சார், ஆம்புலன்ஸ் வருதுங்க. பண்ணாரி ரோட்டுல ஒருத்தர் பைக்ல இருந்து விழுந்துட்டாராமுங்க, தலையில அடி. டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்றாருங்க. படம் கோயம்புத்தூருக்குப் போகோணுமுங்க. எப்ப சார் வரும்?”

சவரிமுத்துவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “மேடம்!” என்றார். அது அலறல்தான். “நான்தான் சொன்னேனே மேடம்! புதுசுக்கே போயிரட்டுமா? இல்ல பழசுலயே பார்க்கட்டுமா?”

“கீபோர்டு உங்ககிட்ட இருக்கு.”

அந்த நிமிஷம் குருவின்மீது அவருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பாவி, என்ன பொம்பளை இவள் என்றுகூட நினைத்தார். ஆனால் கோபப்பட நேரமில்லை. கொல்லைப்புற வாசல் திறந்தே இருந்தது. உள்ளே போனார். பழைய மென்பொருள் என்ன சொல்லிப் புலம்புகிறது என்று வரிவரியாகப் படித்தார்.

விஷயம் இதுதான். புது மென்பொருள் ஓடிய கொஞ்சநேரத்துக்குள், அமைப்புகளையெல்லாம் தன் வசதிக்கு மாற்றி எழுதிவிட்டது. மென்பொருள் நகலைத் திருப்பியதும் பழையது வந்தது. அமைப்புகள் மட்டும் புதுசாகவே கிடந்தன. பழையதுக்கு அது புரியவில்லை. வந்த வீட்டில் சாமானெல்லாம் இடம் மாறிக் கிடக்க, எதைத் தொடுவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தது.

“அமைப்பு!” என்றார் சவரிமுத்து. “அமைப்பையும் சேர்த்துத் திருப்பணும்!”

காலையில் தனியாக எடுத்துவைத்த நகலைத் தேடினார். எடுத்தார். ஏற்றினார். எண்டரை அழுத்தியது அவருக்கே தெரியவில்லை.

ரௌட்டர் எழுந்தது. ஃபயர்வால் எழுந்தது.

“வந்துருச்சுங்க!” என்றார் சிஸ்டர். “நல்லவேளை, ஆளை இப்பத்தான் ஸ்ட்ரெச்சர்ல இறக்கறாங்க. இருங்க சார், லைன்லயே இருங்க.”

இருந்தார்கள். போனில் சக்கரம் உருளும் சத்தம், யாரோ அழும் சத்தம், கதவு சாத்தும் சத்தம். ஆபீஸில் ஏசி சத்தம் மட்டும். வெகுநேரம் கழித்து சிஸ்டர் வந்தார்.

“படம் போயிருச்சுங்க. கோயம்புத்தூர் டாக்டரும் பார்த்துட்டாருங்க. உள்ளாற ரத்தக்கட்டு ஒண்ணுமில்லையாமுங்க. தையல் போட்டுட்டிருக்காங்க. அவங்க சம்சாரம் இப்பத்தான் தண்ணி குடிக்குது, பாவம்.”

சவரிமுத்து எழுந்து ஜன்னல் பக்கம் போனார். வெளியே அவினாசி ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை வெயில். நெஞ்சிலிருந்து ஒரு பாறை உருண்டு கீழே போனது மாதிரி இருந்தது. பெருமூச்சு விட்டார், இன்னொன்று விட்டார். தாராபுரத்திலிருந்து இதுவரை மூச்சை அடக்கிக்கொண்டே வாழ்ந்திருக்கிறோமோ என்றுகூட அவருக்குத் தோன்றிற்று.

பிறகு தானே வந்து உட்கார்ந்தார். யாரும் சொல்லவில்லை.

“சிஸ்டர், இனி ஸ்கேன் எதுவும் இல்லையே?”

“இல்லீங்க.”

“புதுசுக்கு மாத்திரட்டுமா?”

“ஏனுங்க சார், இது போகுது, வருது, போகுது, வருது. எங்கூட்டு கரண்ட்டே தேவலாமுங்க! சரி, மாத்துங்க. வராட்டிப் பழசுதான் இருக்குதே.”

“இருக்கு சிஸ்டர்” என்றார் சவரிமுத்து. அதை அவர் சொன்ன விதத்தில், முதலில் வாக்குக் கொடுத்தபோது இல்லாத ஏதோ ஒன்று இருந்தது.

மறுபடியும் புதியதற்குப் போனார். போய்ச் சேர்ந்தது. எல்லாக் கிளைக்கும் திருப்பும் முறை என்ன, அமைப்பை எந்த இடத்தில் சேர்த்துத் திருப்ப வேண்டும் என்று குருவிடம் வாயாலேயே ஒருமுறை ஒப்பித்தார். குரு தலையாட்டிக் கேட்டார். ஒரு இடத்திலும் திருத்தவில்லை.

“அடுத்த வாரம் தாராபுரம் போடலாம் மேடம்” என்றார் சவரிமுத்து. “நானே பண்றேன்.”

“சரிங்க சார்.”

“ஆனா ஒண்ணு. மறைக்கக் கூடாது, சொல்லிடறேன். பயம் போகல. அப்படியேதான் இருக்கு. இப்பவும் நெஞ்சு படபடன்னு அடிக்குது.” கொஞ்சம் வெட்கமாகச் சிரித்தார். “நீங்க எப்படி மேடம் அவ்வளவு நேரமும் அசையாம உட்கார்ந்திருந்தீங்க? அந்தச் சைரன் சத்தத்துலகூட? உங்களுக்கு எப்போ போச்சு?”

மெஹருன்னிசா மடியிலிருந்த வலது கையை எடுத்து மேஜைக் கண்ணாடியின்மேல் வைத்தார். மெல்ல எடுத்தார். கண்ணாடியில் உள்ளங்கையும் ஐந்து விரலும் ஈரமாகப் பதிந்திருந்தன.

சவரிமுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு என்னிக்குப் போகுதோ,” என்றார் குரு, “அன்னிக்கு என்னை எந்த ஆஸ்பத்திரிப் பெட்டி பக்கமும் விட்டுறாதீங்க, சார்.”