தலைப்பிரட்டையின் வால்

தவில்காரர் தில்லைநாயகம் ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் உலகம்மையிடம் சீடராக வந்தார். குருவைவிடச் சீடர் மூத்தவர். தவிலையும் அது தந்த கர்வத்தையும் ஊரிலேயே விட்டுவிட்டதாகச் சொன்னார். விரல்களுக்கு அந்தச் செய்தி எட்டவில்லை போலிருக்கிறது. தியானத்தில் உட்கார்ந்தால் அவை பாட்டுக்குத் தொடையில் தாளம் போட்டன. பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரிய தவமாகிவிட்டது.

ஒரு நாள் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"பழசு என்னைவிட்டுப் போக மாட்டேங்குதும்மா. அது எப்ப விழும்னு சொல்லுங்க. இல்லேன்னா நான் ஊருக்கே போயிடறேன்."

உலகம்மை அவரைக் கிணற்றடிக் கல்தொட்டிக்கு அழைத்துப் போனார். மழைத் தண்ணீரில் ஒரு தலைப்பிரட்டை நீந்திக்கொண்டிருந்தது. நான்கு கால்களும் முளைத்துவிட்டன. வால் மட்டும் அப்படியே இருந்தது. இதன் வால் விழுந்ததும் எடுத்து வந்து காட்டுங்கள், அப்புறம் போகலாம் என்றார்.

தில்லைநாயகம் தொட்டியை விட்டு நகரவில்லை. கீரையைக் கிள்ளிப் போட்டார். கொசுப்புழு பிடித்துப் போட்டார். அது எதையும் தொடவில்லை. செத்துவிடுமோ என்று அடிக்கடி குனிந்து பார்த்தார். அதன் வாயோ அகன்றுகொண்டே போனது. அதுவரை நீருக்குள்ளேயே மூச்சு விட்டது, இப்போது மேலே வந்து காற்றை விழுங்கப் பழகியது.

ஒரு காலையில் அது கல்விளிம்பில் ஏறி உட்கார்ந்திருந்தது. தொண்டை துடித்தது. வால் இல்லை. மீன் மாதிரி இருந்த ஒன்று தன் கண்ணெதிரே தவளையாகிவிட்டதே என்று அவருக்கு உடம்பு சிலிர்த்தது. தன்னையறியாமல் கை கூப்பினார்.

பிறகுதான் வால் நினைவுக்கு வந்தது. தண்ணீரைத் துண்டால் வடிகட்டினார். பாசியை அலசிப் பார்த்தார். வெறுங்கையோடு உலகம்மையிடம் போனார்.

"வால் கிடைக்கலைம்மா. எங்க விழுந்துச்சுன்னே தெரியல."

"அது விழவே இல்லீங்க."

"பின்னே?"

"வாய் மாறுற சமயத்துல அதால இரை எடுக்க முடியாது. உடம்பு அந்த வாலைக் கரைச்சுத்தான் சாப்பிட்டுச்சு."

தில்லைநாயகம் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த தன் விரல்களைப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"இடையிலேயே நான் அதை வெட்டி எடுத்திருந்தா?"

"பட்டினியில செத்துப் போயிருக்கும்."