அரை நிமிஷ ஜோசியம்

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கபடித் தேர்வு. தேறினால் விளையாட்டு விடுதியில் இடம். தவறினால் பேச்சித்தாய் மறுபடியும் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குத்தான் போகணும். பாவம், முதல் தடவை 'கபடி கபடி' என்று பாடிப் போனவளை எதிரணியினர் அப்படியே அமுக்கிவிட்டார்கள்.

தேர்வு நடத்திய கபடிச் சங்கத் தலைவர் சோலையப்பன் நாற்காலியைவிட்டு அசையாமல் தீர்ப்புச் சொன்னார்: "இவ தேற மாட்டா. ஒரு தடவை பார்த்தாப் போதும், இன்னும் பத்து வருஷத்துக்கு எவ எப்படி ஆடுவான்னு எனக்குத் தெரிஞ்சுரும்."

பேச்சி மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"அப்படீங்களா ஐயா? இன்னொரு தடவை போறேன். வலப்பக்கம் தொடுவேனா, இடப்பக்கம் தொடுவேனா? நீங்களே சொல்லிருங்க."

"வலப்பக்கம்தான்! உனக்கு வேற என்ன தெரியும்?" என்று மைதானமே கேட்கக் கத்தினார் தலைவர்.

எதிரே நின்றவர்களும் தேர்வுக்கு வந்த பிள்ளைகள்தானே? தலைவர் வாக்குப் பொய்க்கலாமா? எல்லாரும் வலப்பக்கம் போய் அடைத்துக்கொண்டார்கள். இடது மூலையில் ஒருத்தி மட்டும் தனியாக நின்றாள். பேச்சி அவளைத் தொட்டுவிட்டு, பாட்டை விடாமல் கோட்டைத் தாண்டித் திரும்பிவிட்டாள்.

"பத்து வருஷம் தெரிஞ்ச ஐயாவுக்கு அரை நிமிஷம் தெரியலையே!" என்றாள்.

கூட்டம் சிரித்த சிரிப்பில், தேறியவர் பட்டியலில் அவள் பேரைச் சேர்த்த பிறகுதான் தலைவரால் நாற்காலியைவிட்டு எழ முடிந்தது.