கார்த்திகையில் கட்டிய படகு

வானமும் மன்னர்களும் மனம்போனபடி நடந்துகொண்ட காலம் அது. அப்போது நீர்க்குன்றம் என்ற சின்ன நாட்டை அழகேசராயன் ஆண்டுவந்தான். காலையில் பல்லக்கில் ஏற்றியவனை மாலையில் கழுதைமேல் ஏற்றுவான். ஏன் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

அவனுக்கும் மேலே, வடக்கே எங்கோ, ஒரு சக்கரவர்த்தி இருந்தார். அவருடைய சட்டங்கள் ஓலையாக வரும். அழகேசராயன் முத்திரையிட்டால்தான் அவை நீர்க்குன்றத்தில் செல்லும். முத்திரைக்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு. சட்டம் யார் தலையில் விழப்போகிறதோ அவர்கள் நடுவே போய் அதை வாசித்துக் காட்டுவார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு, மாற்றம் வேண்டுமென்றால் சக்கரவர்த்திக்கு எழுதுவார்கள்.

ஓர் ஐப்பசியில் வந்த ஓலையை அவை அதிகாரி வணங்காமுடி உரக்கப் படித்தான்: "கார்த்திகை முழுவதும் எந்த ஆற்றிலும் படகு இறங்கக் கூடாது. ஓட்டியவர், ஏறியவர், யாராயினும் வலது கை வெட்டப்படும்." வடக்கே கார்த்திகை வெள்ளத்தில் தெப்பம் கவிழ்ந்து பட்டத்து யானை செத்துப்போனதாம். அந்தத் துக்கத்தில் பிறந்த சட்டம்.

மந்திரி திருமலைக்கொழுந்து எழுந்தார். "மன்னா, நம் ஆற்றில் வெள்ளம் வருவது ஆடியில். கார்த்திகையில் அது பசுவைப்போலச் சாதுவாகப் போகும். ஓலையைப் படகுத்துறையில் வாசித்துவிட்டு..."

"மந்திரியாருக்குத் துணிச்சலைப் பாருங்கள்!" என்று குறுக்கே விழுந்தான் வணங்காமுடி. பெயர்தான் அப்படி; முதுகு நிமிர்ந்து யாரும் பார்த்ததில்லை. மந்திரியின் ஆசனத்தின்மேல் அவனுக்கு நெடுநாளாக ஒரு கண். "சக்கரவர்த்தி சொன்னதைப் படகுக்காரன் சரிபார்ப்பதா? உடனே முத்திரையிட்டால் தங்களுக்குப் பட்டம் நிச்சயம், பிரபு."

பட்டம் என்றதும் அழகேசராயனுக்குப் பல்லெல்லாம் தெரிந்தது. முத்திரை விழுந்தது.

கார்த்திகை பிறந்தது. அக்கரையில் படகோட்டி மாசாணத்தின் மனைவி பேச்சிக்கு வலி கண்டது. குழந்தை குறுக்கே கிடந்தது. மருத்துவச்சி இருந்ததோ அரண்மனைப் பக்கம், இக்கரையில். மாசாணம் கயிற்றை அவிழ்க்க ஓடினான். காவலர்கள் அவனை மண்ணில் அமுக்கிப் பிடித்தார்கள்.

"மகராசா! ஒரே ஒரு நடை! அப்புறம் ரெண்டு கையையும் வெட்டிக்குங்க!" என்று இக்கரையில் நின்ற வணங்காமுடியைப் பார்த்துக் கதறினான்.

"சட்டம்" என்றான் வணங்காமுடி. 

தாயும் போனாள், பிள்ளையும் போயிற்று. 

செய்தி கேட்ட மன்னன் அன்று சாப்பிடவில்லை. "மந்திரியாரே, முத்திரையிட்ட சட்டத்தைத் திருப்பி அனுப்பினால் என் மகுடம் போகும். வைத்துக்கொண்டால் இன்னும் எத்தனை உயிர் போகுமோ? மகுடமும் இருக்க வேண்டும், படகும் ஓட வேண்டும். வழி சொல்லும்."

"கீழ்ப்படிவோம் மன்னா. ஒரு மயிரிழை பிசகாமல் கீழ்ப்படிவோம். அண்டை நாட்டில் தங்கியிருக்கும் சக்கரவர்த்தியின் தூதரை, சட்டம் நடக்கும் அழகைப் பார்க்க அழையுங்கள்."

தூதர் மேளதாளத்தோடு அக்கரையில் வந்து இறங்கினார். வணங்காமுடி மாலையோடு இக்கரைத் துறைக்கு ஓடிவந்து, "படகை எடுடா!" என்று கத்தினான்.

மாசாணம் அசையவில்லை. "சட்டம் சாமி" என்றான்.

"அது உன்னைப்போன்றவனுக்கு! தூதருக்கு இல்லை!"

மந்திரி பணிவாகச் சொன்னார்: "'யாராயினும்' என்று அவையில் உரக்கப் படித்தது நீர்தானே?"

தூதர் திட்டினார், மிரட்டினார், பிறகு மழையில் திரும்பிப் போகவும் முடியாமல், மாசாணத்தின் வீட்டை ஒட்டிய ஒரு குடிசைக்குள் ஒடுங்கினார். கூரை ஒழுகியது. மூன்றாம் நாள் நடுக்கும் காய்ச்சல் கண்டது. வைத்தியர் இக்கரையில்! தூதர் முனகுவது மாசாணத்தின் வீட்டுக்குக் கேட்டது. பேச்சி முனகிய அதே சுவருக்கு அந்தப் பக்கம்.

இக்கரையில் மந்திரி வைத்தியரைக் கூட்டிக்கொண்டு துறைக்கு ஓடினார். மிரட்டத்தான் நினைத்திருந்தார், கொல்ல நினைக்கவில்லை.

மாசாணம் எழுந்து போய்க் கயிற்றை அவிழ்த்தான். இந்த முறை காவலர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். இக்கரைக்கு வந்து, "ஏறுங்க வைத்தியரே" என்றான். "எம் பேச்சி பட்டது போதும். இன்னொருத்தர் படவேண்டாம்."

தூதர் பிழைத்தார். அதே படகில் இக்கரைக்கு வந்து அவையிலும் அமர்ந்தார். வணங்காமுடி துள்ளி எழுந்தான். "கார்த்திகை முடியவில்லை! படகு ஓட்டிய மாசாணத்தின் கையை வெட்ட வேண்டும்! மந்திரியார் சட்டத்தை மறந்துவிட்டாரோ?"

"மறக்கவில்லை. வெட்டலாம்" என்றார் மந்திரி. "ஆனால் ஓட்டியவருக்கும் ஏறியவருக்கும் ஒரே தண்டனை. தூதர் பெருமான் இக்கரைக்கு எப்படி வந்தார்? பறந்தா?"

தூதர் தம் வலது கையைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டார்.  பிறகு அந்தக் கை வெளியே வந்தது, எழுத்தாணி கேட்டு. "அந்தந்த ஆற்றுக்கு அந்தந்த நாட்டு அவையே காலம் குறிக்கட்டும் என்று சக்கரவர்த்திக்கு எழுதுகிறேன். பொறுப்பு என்னுடையது."

மன்னன் தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். மந்திரி அதைக் கையில் வாங்கிக்கொண்டாரே ஒழிய அணியவில்லை.

"மாசாணம், உனக்கு என்ன வேண்டும்?"

"ஒண்ணும் வேண்டாம் மகராசா. அந்த ஓலைய முன்னாடியே எங்க துறையில வாசிச்சிருக்கலாம்."

அழகேசராயன் தலை குனிந்தான். பிறகு வணங்காமுடியைப் பார்த்தான். "இனி எந்தச் சட்டம் வந்தாலும் ஊர் ஊராக நடந்துபோய் நீயே வாசி. அவர்கள் சொல்வதைக் கேட்டுவந்து என்னிடம் சொல். அதற்குமேல் உனக்கு இந்த அவையில் வேலையில்லை."

அடுத்த ஓலை தை மாதம் வந்தது. வணங்காமுடி அக்கரைத் துறையில் நின்று வாசித்து முடித்தான்.  படகின் விளிம்பில் உட்கார்ந்திருந்த மாசாணம் நிமிர்ந்து பார்த்தான்.

"இன்னொரு தரம் வாசிங்க" என்றான். "மெதுவா."