கடைசித் தெருக் குழாய்

ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடும் வியாகப்பனுக்கு ஐம்பத்தெட்டு வயது. பங்குச்சாமி ஞானாதிக்கம் அவரைவிட இருபது வயது இளையவர். வியாகப்பன் அவரைச் "சாமி" என்பார். சாமி இவரை "அண்ணாச்சி" என்பார். இதில் குரு யார், சீடர் யார் என்று வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் குழம்பும்.

அந்த வருஷம் பெரிய வெள்ளியன்று சிலுவை சுமக்கும் முறை வியாகப்பனுக்கு வந்திருந்தது. வெறும் தோளோடு போய்த் தூக்கிவிடக் கூடாது, மனசைக் கழுவிக்கொண்டு தூக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று நெற்றிச் சாம்பலோடு வீட்டுக்கு வந்தவர் கறியை விட்டார், காப்பியை விட்டார். அதுவும் போதாதென்று, ஒரு நாளைக்கு ஒரு செம்புத் தண்ணீர்தான் குடிப்பேன் என்று நேர்ந்துகொண்டார்.

"ஊருக்கே தண்ணி விடுற மனுஷன் ஒரு செம்பை வச்சு நக்கிக்கிட்டு இருக்காரு" என்று அவர் மனைவி பிலோமினா அண்டை வீட்டில் சொல்லிச் சிரித்தாள்.

இருபது நாள் போனது. உதடு வெடித்தது. மனசு மட்டும் தெளியவில்லை. ஒரு சாயங்காலம் சாமியைத் தேடிப் போனார். சாமி தன் அங்கிக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"சாமி, நானும் ஒவ்வொண்ணா விட்டுப் பாத்துட்டேன். சிலுவையை நினைச்சா இன்னும் கை கூசுது. இனி எதை விடணும்?"

"நீங்க குடிக்காத தண்ணி எங்க போகுது அண்ணாச்சி?"

வியாகப்பன் யோசித்தார். "எங்க வீட்டுத் தொட்டியிலதான் கிடக்கும்."

சாமி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "நாளைக்குத் தண்ணி விடுற நாள்தானே. கடைசித் தெருக் குழாயில எனக்கு ஒரு குடம் பிடிச்சுட்டு வாங்க. வரிசையில நின்னு."

"கோயில் தெருவுல நல்லா வருமே சாமி."

"கடைசித் தெருவுல."

ஊரில் மூன்று தெரு. பதினோரு வருஷமாக வியாகப்பன் முதலில் தன் வீடு இருக்கும் கோயில் தெருவுக்குத் திறப்பார். அங்கே வீட்டுத் தொட்டிகள் எல்லாம் நிறைந்த பிறகு நடுத்தெரு. மேல்தொட்டியில் மிச்சம் இருப்பது கடைசித் தெருவுக்கு. அந்த வால்வைத் திருப்பிவிட்டு, இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். அந்தக் குழாயடியில் அவர் ஒருநாளும் நின்றதில்லை.

மறுநாள் குடத்தோடு போய் நின்றார்.

"தண்ணிக்கார அண்ணாச்சி வழி தப்பி வந்துட்டாரு போல" என்றாள் ஒருத்தி.

"அவரு வீட்டுக் குழாயே நின்னுபோச்சுன்னா உலகம் முடியப் போகுதுன்னு அர்த்தம்."

"நில்லுங்க அண்ணாச்சி. நீங்க ஒன்பதாவது ஆளு. ஈஸ்டருக்குள்ள வந்துரும்."

வியாகப்பனுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் குழாயைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. தண்ணீர் நூல்போல இறங்கிக்கொண்டிருந்தது. எட்டாவது குடம் பாதி ஆனபோது, குழாய் இரண்டு முறை காற்றை இருமிவிட்டு நின்றுபோனது. அது சலேத்தம்மாளின் குடம். அவள் திரும்பி இவருடைய காலிக் குடத்தைப் பார்த்தாள்.

"யாருக்கு அண்ணாச்சி?"

"சாமிக்கு."

தன் பாதியில் பாதியை அதில் சரித்தாள்.

"உனக்கு?"

"எங்களுக்கு இதென்ன புதுசா? உங்க உதட்டைப் பாருங்க, பாளமா வெடிச்சுக் கிடக்கு. நீங்களும் ரெண்டு மடக்குக் குடிச்சுக்கிடுங்க."

வியாகப்பன் குடிக்கவில்லை. சாமியிடம் கொண்டுபோய் வைத்தார். சாமி குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். நடந்ததைக் கேட்டார்.

"இதை நான் எப்படி அண்ணாச்சி குடிக்க? அந்தம்மாகிட்டயே குடுத்துட்டு வாங்க."

கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். தொட்டி நிறைந்து, வாசல் நனைந்து, சாக்கடை வரைக்கும் தண்ணீர் ஓடியிருந்தது. அந்த ஈரம் காயும்வரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அடுத்த தண்ணீர் நாள் காலையில் வீட்டு அலாரம் கடிகாரத்தைக் கையோடு எடுத்துப் போனார். தெருவுக்கு நாற்பது நிமிஷம். முதலில் கடைசித் தெரு.

குழாய்க்கே அது பழக்கமில்லை. வந்த வேகத்தில் திருகு பிடுங்கிக்கொண்டு பறந்து, தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீய்ச்சியடித்தது. பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பிறகு சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். பிள்ளைகள் சட்டையோடு குளித்தன. சலேத்தம்மாள் தன் இரண்டு குடத்தையும் நிறைத்துவிட்டு, நடக்க முடியாத பக்கத்து வீட்டுக்காரிக்கு மூன்றாவதையும் நிறைத்தாள். பீய்ச்சும் வாயை உள்ளங்கையால் பொத்திய வியாகப்பன் தலைமுதல் கால்வரை நனைந்து நின்றார்.

"அண்ணாச்சி, முதல்ல நீங்க பிடிங்க."

"வரிசையில வாறேன் தாயி."

கோயில் தெருவுக்குத் திறக்கும்போது ஒருவர் கேட்டார்: "என்ன வியாகப்பா, தெருவே மாறிப்போச்சா?" வியாகப்பன் கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினார்.

வீட்டில் பிலோமினா இடுப்பில் கைவைத்து நின்றாள். "தொட்டியில பாதிகூட ஏறல."

"மீதி கடைசித் தெருவுக்குப் போயிருக்கு."

"அங்க நமக்கு யாரு இருக்கா?"

"சலேத்தம்மா இருக்கா."

பிலோமினா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "தலையைத் துவட்டிட்டு வந்து, அது யாருன்னு விவரமாச் சொல்லுங்க."

அவர் துவட்டவில்லை. கடைசித் தெருவில் பிடித்த, வழிய வழிய நிறைந்த குடத்தோடு சாமியிடம் போனார். இறக்கி வைத்துவிட்டு, தப்புச் செய்தவர்போலத் தலையைச் சொறிந்தார்.

"சாமி, தபசை முறிச்சுட்டேன். அந்தக் குழாயடியில, அந்தச் சந்தோஷத்துல, என்னை அறியாம ரெண்டு கையாலயும் அள்ளி அள்ளிக் குடிச்சுட்டேன். வயிறு முட்ட."

"ம்."

"இனி நான் சிலுவை தூக்கலாமா?"

சாமி ஒரு செம்பைக் குடத்தில் முக்கி எடுத்தார். அண்ணாந்து பாதி குடித்தார். மீதியை வியாகப்பனிடம் நீட்டினார்.

"தபசு எப்ப ஆரம்பிச்சீங்க அண்ணாச்சி?"

"விபூதிப் புதன்லயிருந்து சாமி."

"அப்படியா? இன்னைக்குக் காலையிலதான்னு நான் நினைச்சேன்" என்றார் சாமி.