மொட்டைக் கடிதத்துக்கு ஒரு கையெழுத்து

எங்கள் பல்கலைக்கழகத்தில் குரு என்று யாரும் கிடையாது, கைடுதான் உண்டு. எங்கள் துறை நல்லசிவன் சாரின் ஆராய்ச்சிக்குக் கைடாக இருந்தவர் சவரியம்மாள் மேடம். டாக்டர் பட்டம் வாங்கி இருபத்திரண்டு வருஷம் ஆகி, தலை முக்கால்வாசி நரைத்தும், ஒரு சங்கடம் என்றால் சார் மேடம் வீட்டுக்குத்தான் ஓடுவார். போன மாசம் ஓடியபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். என் மேல் பிரியம் என்று நினைக்க வேண்டாம். அவருக்கு என் மேலும் சந்தேகம், கண் பார்வையிலேயே வைத்திருந்தார்.

விஷயம் இதுதான். வியாழக்கிழமைதோறும் மாலை ஐந்து மணிக்கு எங்கள் அரங்கில் தத்துவத் துறையின் பொதுச் சொற்பொழிவு நடக்கும். மாணவர்கள் மட்டுமில்லை, ஊரில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். நாலு வருஷமாக சார்தான் நடத்துகிறார். நான் நன்றியுரை சொல்கிறவன். அந்தச் சொற்பொழிவைப் பற்றித் துணைவேந்தர் அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போயிற்று. பத்து நாளில் இன்னொன்று. பதிவாளர் இரண்டின் ஓரத்திலும் சிவப்பு மையில் 'யார்?' என்று மட்டும் எழுதி சாருக்கு அனுப்பிவிட்டார். மாசக் கடைசிக்குள் பெயர் வராவிட்டால் அரங்கைப் பூட்டிவிடுவதாகப் போனிலும் சொன்னார். அரங்கு போனால் சொற்பொழிவும் போச்சு. சாருக்கு அதுதான் உயிர்.

அன்றிலிருந்து மனுஷன் தூங்கவில்லை. புவியியல் துறையில் பூதக்கண்ணாடி இரவல் வாங்கி, கடிதத்தை எழுத்து எழுத்தாகப் பார்த்தார். எழுதியவர் 'ழ'வின் வாலை இடது பக்கம் சுழித்து இழுக்கிறார் என்று கண்டுபிடித்தார். துறையில் ஒருத்தர் பாக்கியில்லாமல் எதையாவது எழுதச் சொன்னார். என்னிடம் வந்து, சும்மா சொந்த ஊர் பேரை எழுதுங்களேன் என்றார். என் ஊர் கீழப்பழுவூர். இரண்டு ழ. என் கிரகம், வேறென்ன.

கடைசியில் கேள்விச் சீட்டுகளைக் கொட்டினார். பேச்சைக் கேட்கிறவர்கள் துண்டுச் சீட்டில் கேள்வி எழுதிக் கொடுப்பது வழக்கம். அதில் மாசிலாமணி என்பவரின் சீட்டில் அதே வால் இருந்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் தையல் கடை வைத்திருப்பவர். ஒரு வியாழன்கூடத் தவறாமல் வருவார், கடைசி வரிசையில் உட்காருவார். தையல்காரருக்குத் தத்துவத்தில் என்ன வேலை, யாரோ அனுப்பிய ஆள்தான் என்று சார் முடிவு கட்டிவிட்டார்.

அடுத்த வியாழன் சார் சொல்லிவைத்தபடி வாட்ச்மேன் அவரை வாசலில் நிறுத்தி ஐடி கார்டு கேட்டார். அவர் சட்டைப் பையைத் துழாவி இஞ்சு டேப்பை எடுத்துக் காட்டி, "இதுதாங்க இருக்கு" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். அவர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் சார் என் ழவுக்கு வந்துவிடுவார்.

நாலு நாள் கழித்து மூன்றாவது கடிதம் வந்தது. அதில் கையெழுத்தே வேறு, ழவின் வாலும் வேறு. அது வந்த அன்றுதான் நாங்கள் மேடம் வீட்டுக்குப் போனோம்.

மேடம் பேப்பரில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். சார் கடிதங்களை மேசையில் பரப்பி அரை மணி நேரம் பேசினார். ஒரு ஆள் இல்லையாம், கூட்டமாம். தபால் முத்திரை பஸ் ஸ்டாண்ட் முத்திரையாம். உறையை ஒட்டியது சோற்றுப் பருக்கையாம், அதனால் ஹாஸ்டல் ஆளாகவும் இருக்கலாமாம். பிறகு என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கூட இருக்கிறவர்களையும் சந்தேகத்திலிருந்து தள்ள முடியவில்லை என்றார்.

மேடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"கடிதத்தில என்ன எழுதியிருக்கு?"

"வழக்கமான அவதூறுதான் மேடம்."

"என்ன அவதூறு?"

சார் மறுபடியும் உறைக்கும் முத்திரைக்கும் போய்விட்டார். மேடம் என்னைப் பார்த்து, "நீங்க படிச்சீங்களா?" என்றார்.

பொய் சொல்ல வரவில்லை. "என் பேர் இருக்கான்னு பார்த்தேன் மேடம். இல்லை. அதோட வெச்சுட்டேன்."

மேடம் மூன்றாவது கடிதத்தை எடுத்து நிதானமாகப் படித்தார். பிறகு கையிலிருந்த பேனாவால் அதன் அடியில் 'சவரியம்மாள்' என்று கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார்.

சார் பதறி எழுந்துவிட்டார். "மேடம், என்ன காரியம் பண்றீங்க?"

"பதிவாளர் பேர் கேட்டார் இல்ல, குடுங்க. இப்ப இது மொட்டைக் கடிதம் இல்ல. உக்காந்து படிங்க."

கைடு சொன்னால் தட்ட முடியாது. சார் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல வாய்விட்டுப் படித்தார்.

'ஐயா, வியாழக்கிழமைப் பேச்சுகள் நன்றாக இருக்கின்றன. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, அறிமுகவுரை எல்லாம் முடிந்து பேச வந்தவர் பேச ஆரம்பிக்க ஐந்தே முக்கால் ஆகிவிடுகிறது. எங்களுக்கு ஆறேகால் பஸ். அதை விட்டால் எங்கள் ஊர்ப் பக்கம் வேறு பஸ் இல்லை. நாலு வருஷமாக வருகிறோம், ஒரு பேச்சின் முடிவைக்கூட நாங்கள் கேட்டதில்லை. உரைகளைக் கொஞ்சம் குறைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். முன்பு இரண்டு தடவை எழுதியதும் இதற்காகத்தான். பேர் போடவில்லை, மன்னிக்கவும். மாசிலாமணி அண்ணனை வாசலோடு திருப்பி அனுப்பியதைப் பார்த்தோம்.'

என் நன்றியுரையையும் அவர்கள் ஒரு நாளும் கேட்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சார் மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தார், இந்தத் தடவை மனசுக்குள். பூதக்கண்ணாடி மேசையில் கிடந்தது, அவர் அதைத் தொடவில்லை. படித்து முடித்து நிமிர்ந்தார்.

"மேடம், இதில அவதூறுன்னு ஒண்ணும் இல்லையே."

மேடம் பேப்பரை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அடுத்த கட்டத்தைத் தேடினார்.

"என் கையெழுத்து இருக்கு இல்ல, அதனால அவதூறாத் தெரியல."